இரண்டு விரல், இருபது சதவீதம்

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை உண்டு. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. மூன்று போனால் 30. இரண்டு போனால் 20. ஆள்காட்டி விரல் மட்டும் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கை முழுதும் போனால் 60. சம்பாதிக்கும் திறனில் இவ்வளவு பங்கு குறைந்துவிட்டது என்று சட்டம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. 2010 ஜனவரியில் அந்தச் சட்டத்தின் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. அட்டவணை மாறவில்லை.

அந்த அட்டவணை எலும்பைத்தான் எண்ணுகிறது. எந்தக் கணு வரை வெட்டுப்பட்டது என்று பார்க்கிறது. நரம்பு என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. கைக்காய வழக்குகளை நடத்துகிற ஒரு வழக்கறிஞருக்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை. இதை எனக்கு முழுமையாகப் புரிய வைத்தது பாரிவாக்கத்திலிருந்து வந்த ஒரு வழக்கு.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். ஏரிப்பாசன ஊர். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு, பெரிய கம்பெனிகள் வெளியே கொடுக்கும் ஜாப் வொர்க் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து, திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி சுற்றுப்புறமெங்கும் தகரக் கூரை ஷெட்களாக முளைத்தது. ஒரு ஷெட்டில் நான்கைந்து பவர் பிரஸ், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். வாஷர், பிராக்கெட், கிளாம்ப் என்று வண்டிகளுக்குப் போகிற சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை அடித்துக் கொடுப்பார்கள். ஆட்கள் ஆறு, ஏழு பேர். அந்த எண்ணிக்கையில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அன்றைய விதிப்படி, மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் தொழிற்சாலைச் சட்டம் தொடாது, இ.எஸ்.ஐ.யும் வராது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் மட்டும் ஆள் எண்ணிக்கை பார்க்காமல் வரும். இந்த வழக்கின் மனுதாரரான பெண்ணுக்கு இருந்த ஒரே கதவு அதுதான்.

2013-இல் விபத்து நடந்தபோது அவருக்கு வயது 25. வலது கைப் பழக்கம். எட்டாவது வரை படிப்பு. கணவர் பெயிண்டிங் வேலை, ஒரு குழந்தை. முதலில் பேக்கிங்குக்குத்தான் சேர்ந்தார். பிரஸ் ஓட்டுகிற பையன் ஊருக்குப் போய்த் திரும்பாததால் இவரைப் பிரஸ்ஸில் உட்கார வைத்தார்கள். பீஸ் கணக்குக் கூலி.

பவர் பிரஸ் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இந்த வழக்கை நடத்தியிருக்க முடியாது. ஷெட்களில் இருக்கும் பழைய பிரஸ்ஸில் ஃப்ளைவீல் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால் உள்ளே ஒரு சாவித்துண்டு திரும்பி, அந்தச் சுழற்சியைத் தண்டோடு கோத்துவிடும். ராம் எனப்படும் அடிக்கும் பாகம் ஒரு முறை இறங்கி ஏறும். ஏறியதும் சாவி விலகிக்கொள்ள வேண்டும். சாவி தேய்ந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ விலகாது. பெடலை மிதிக்காமலே ராம் இரண்டாம் முறை இறங்கும். ஷெட்காரர்கள் இதை ‘ரிப்பீட் அடிச்சிடுச்சு’ என்பார்கள். ஒரு முறை இறங்கத் தொடங்கிவிட்டால் இந்த வகைப் பிரஸ்ஸை நடுவில் நிறுத்த முடியாது. டை எனும் அச்சுக்குள் ஒட்டிக்கொண்ட துண்டை எடுக்கக் கை உள்ளே போகும் நேரத்தில்தான் ரிப்பீட் அடிக்கும். அப்படித்தான் நடந்தது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. உள்ளங்கையின் கட்டைவிரல் பக்கம் நசுங்கி, இரண்டு எலும்புகள் உடைந்தன. உடன் வேலை செய்தவர்கள் துண்டான விரல்களைப் பக்கத்து ஜூஸ் கடை ஐஸில் நேரடியாகப் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். பதறிய மனிதர்கள் நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டால் தசை உறைந்து செத்துவிடும். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸுக்குள் வைக்க வேண்டும். விரலில் தசை அதிகம் இல்லாததால் குளிர்ச்சியில் வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் அவகாசம் மிகக் குறைவு. இந்த வழக்கில் எப்படிக் கொண்டு போயிருந்தாலும் பயனில்லை, விரல்கள் நசுங்கியிருந்தன என்று பின்னால் மருத்துவர் சொன்னார். சீராக வெட்டுப்பட்டிருந்தால் கதை வேறு. 1963-இலேயே ஷாங்காயில் எந்திரத்தில் துண்டான ஒரு தொழிலாளியின் கையை சென் சோங்வெய் என்ற மருத்துவர் திரும்பப் பொருத்தினார். 1965-இல் ஜப்பானில் கோமட்சுவும் தமாயும் துண்டான கட்டைவிரலையே நுண்ணோக்கியின் கீழ் இரத்தக் குழாய்களைத் தைத்துச் சேர்த்தார்கள். நம் ஊர் ஷெட் ஒவ்வொன்றின் சுவரிலும் அந்தப் பிளாஸ்டிக் பை விஷயத்தை எழுதி ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

முதல் சிகிச்சை ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. முதலாளி இரண்டு நாள் பில் கட்டினார், பிறகு வரவில்லை. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே ஓர் ஆள் வீட்டுக்கு வந்து ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து, முத்திரைத்தாளில் இடது கைக் கட்டைவிரல் ரேகை வாங்கிப் போயிருக்கிறார். முழு நிவாரணமும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. மாமியார்தான் என்னிடம் கூட்டி வந்தார். “வக்கீல் அய்யா, ரேகை வெச்சிட்டா அவ்ளோதானா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவ்வளவுதான் இல்லை. அன்றைய சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருந்தது. மொத்தத் தொகையாகத் தர வேண்டிய இழப்பீட்டைப் பெண் ஒருவருக்கு நேரடியாகக் கையில் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. ஆணையரிடம் கட்டித்தான் தர வேண்டும். 17-ஆம் பிரிவு, உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக்கொள்ளும் எந்த ஒப்பந்தத்தையும் செல்லாது என்றது. இந்த இரண்டு பிரிவுகளையும் படித்துக் காட்டியபோது அந்த அம்மாள் நம்பவே மறுத்தார். முத்திரைத்தாள் என்றால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிற ஊரில், முத்திரைத்தாளை வெட்டிச் சாய்க்கிற சட்டமும் இருக்கிறது என்பது நல்ல செய்தி. அது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் துயரம்.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், தொழிலாளர் துணை ஆணையர் முன்பு மனு போட்டோம். எதிர்த்தரப்பு வழக்கமான வரிசையில் வந்தது. இவர் எங்கள் பணியாளரே இல்லை. பணியாளர்தான் என்றால் பேக்கிங் உதவியாளர், பிரஸ்ஸைத் தானாகவே தொட்டார். தொட்டது வேலைக்காகத்தான் என்றால், கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கார்டை அவரே வேண்டுமென்று கழற்றினார். எல்லாம் போக, இழந்தது இரண்டு விரல், அட்டவணைப்படி 20 சதவீதம், அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது.

முதல் இரண்டும் நிற்கவில்லை. கூலிக் கவர்கள் சிலவற்றை அந்தப் பெண் அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் பீஸ் எண்ணிக்கையை மேற்பார்வையாளர் பேனாவால் எழுதியிருந்தார். பேக்கிங் ஆளுக்குப் பீஸ் கணக்கு எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

கார்டு விஷயம் ஆபத்தானது. சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. பாதுகாப்புக் கருவியைப் பணியாளர் வேண்டுமென்றே அகற்றியதால் காயம் நேர்ந்தது என்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. உயிர் போயிருந்தாலோ நிரந்தர முழு ஊனம் நேர்ந்திருந்தாலோ மட்டும் அந்த விலக்கு செல்லாது. அதாவது எங்கள் கட்சிக்காரரின் ஊனம் ‘பகுதி’ என்று முடிவானால் கார்டு வாதம் உயிரோடு வரும். ஆகவே உண்மையிலேயே கார்டு எங்கே போனது என்று காட்டியாக வேண்டும். உடன் வேலை செய்த ஒரு பையன் துணிந்து சாட்சி சொன்னான். அந்த டைக்கு அந்தக் கார்டு பொருந்தவே பொருந்தாது. துண்டைக் கையால் எடுத்தால்தான் ஒரு நாளைக்கு வேண்டிய பீஸ் ஓடும் என்பதால், கார்டு மாதக்கணக்கில் மூலையில் கிடந்தது. பிரஸ் ரிப்பீட் அடிக்கிறது என்று அதற்கு முன்பே இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். குறுக்கு விசாரணையில் அவன் அசையவில்லை. அதற்கு அடுத்த வாரமே அவனுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. இப்படிப்பட்ட சாட்சிகளைக் காக்க நம் நடைமுறையில் ஒன்றுமே இல்லை. அவர்களுடைய மனத்திண்மையை நம்பித்தான் தொழிலாளர் வழக்குகள் நடக்கின்றன.

மிஞ்சியது அந்த 20 சதவீதம். வழக்கின் முழு எடையும் அங்கேதான் விழுந்தது.

ரூபாயில் சொன்னால் நிலைமை புரியும். அப்போதைய விதிப்படி, உண்மைச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. (2020 ஜனவரியில்தான் அது 15,000 ஆனது.) அதில் 60 சதவீதம் 4,800. வயது 25-க்கு உரிய காரணி 216.91. பெருக்கினால் 10,41,168 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. இருபது சதவீதம் என்றால் 2,08,234. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் அவருடைய மீதி வாழ்க்கை இருந்தது.

அவர் கையில் கட்டைவிரல் இருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு விரல் குறைந்த கை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கட்டைவிரல் உள்ளங்கைக்குப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்க அதனால் முடியவில்லை. அடிப்பாகத்து மேட்டுத் தசை வற்றிப் போயிருந்தது. சூடான பாத்திரம் பட்டுக் கொப்பளித்த வடுக்கள் கட்டைவிரல் நுனியில் இருந்தன. சுட்டது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தனியார் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளில் நரம்பைப் பற்றி ஒரே ஒரு வரி: நரம்பில் கன்றல், தொடர்ச்சி அறுபடவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியை மேடையில் ஏற்றினார். நரம்பு அறவில்லை, ஆகவே கட்டைவிரல் வேலை செய்யும், மனுதாரர் பணத்துக்காக நடிக்கிறார்.

பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அவரை அனுப்பியது அந்தக் கட்டத்தில்தான். அங்கே கைக்கென்றே ஆராய்ச்சி, மறுவாழ்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கி வளர்த்த துறை அது. வட சென்னையின் பட்டறைகளிலும் துறைமுகத்திலும் நசுங்கிய கைகளைப் பார்த்துப் பார்த்தே அந்த அறிவு திரண்டது. 2018-இல் மின்சாரத்தில் இரண்டு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு வேறொருவரின் கைகளைப் பொருத்தியதும் அதே ஸ்டான்லியில்தான். ஏழைகளின் கைக்காக அரசுச் செலவில் ஓர் உயர்ந்த துறையை இந்த நகரம் கட்டி வைத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அங்கே எங்களுக்குக் கிடைத்த பாடம் நரம்பைப் பற்றியது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களை ஆராய்ந்த ஹெர்பர்ட் செடன் 1943-இலேயே நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். நரம்பு அதிர்ச்சியில் சில வாரம் வேலை நிறுத்துவது ஒரு வகை. உறை அப்படியே இருக்க, உள்ளே ஓடும் இழைகள் மட்டும் அறுவது இரண்டாவது. முழுதும் அறுவது மூன்றாவது. 1951-இல் சண்டர்லேண்ட் இதை ஐந்து படிகளாக விரித்தார். அதில் நம் வழக்குக்கு வேண்டிய படி இருந்தது: வெளியே பார்த்தால் நரம்பு தொடர்ந்து ஓடுகிறது, உள்ளே தழும்பு அடைத்துக்கொண்டு ஓர் இழையும் தாண்ட முடியவில்லை. நசுங்கல் காயங்களில் இது நேரும். ‘தொடர்ச்சி அறுபடவில்லை’ என்ற அந்த வரி பொய்யில்லை. அதைக் கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பதுதான் உண்மை.

நரம்பு திரும்ப வளரும். ஏறத்தாழ ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். போக வேண்டிய தசைக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். நரம்பு வராமல் ஒன்று, ஒன்றரை வருடம் போனால் தசை நார்களாகச் சுருங்கிவிடும், அதன் பிறகு நரம்பு வந்தும் பயனில்லை. ஆகவே நரம்பு திரும்புமா திரும்பாதா என்று சொல்லக் காத்திருந்தாக வேண்டும். அன்றைய சட்டத்தின் 25ஏ பிரிவோ இழப்பீட்டு மனுவை 3 மாதத்தில் முடிக்கச் சொன்னது. தொழிலாளியின் நன்மைக்காக வைத்த காலக்கெடு. ஆனால் கை நரம்புக் காயத்தில் மூன்று மாதத்தில் கொடுக்கும் எந்த ஊனச் சான்றிதழும் அரைகுறைதான். மனுவை உடனே போட்டுவிட்டு, மதிப்பீட்டை மட்டும் சிகிச்சை முடியும்வரை தள்ளி வைக்கக் கேட்டோம். ஆணையர் ஒப்புக்கொண்டார்.

நடிப்பு என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொன்னது தண்ணீர். கையை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வைத்திருந்தால் விரல் நுனித் தோல் சுருங்கும். துணி துவைத்த எவருக்கும் தெரிந்தது. அந்தச் சுருக்கத்தை உண்டாக்குவது தண்ணீர் மட்டுமில்லை, நரம்பும்தான் என்று 1973-இல் ஓரியைன் என்ற மருத்துவர் எழுதினார். நரம்பு செத்த விரல் எவ்வளவு ஊறினாலும் வழவழவென்றே இருக்கும். மனத்தால் அதைச் செய்யவும் முடியாது, செய்யாமல் நிறுத்தவும் முடியாது. அந்தப் பெண்ணின் சுண்டுவிரல் சுருங்கியது. கட்டைவிரல் சுருங்கவில்லை. இரண்டையும் ஒரே படத்தில் எடுத்துச் சான்றாவணமாக்கினோம். இதற்கும் முன்பே, ஸ்வீடன் கை மருத்துவர் எரிக் மோபெர்க் 1958-இல், நரம்பில்லாத விரல் வியர்ப்பதில்லை என்பதைக் கொண்டு நின்ஹைட்ரின் தாளில் விரலை ஒற்றிப் பார்க்கும் சோதனையை வகுத்திருந்தார். நோயாளியின் வாய்ச்சொல்லை நம்பாமலே நரம்பின் நிலையை அறிய வேண்டும் என்று தேடியவர் அவர். இழப்பீட்டு வழக்காடும் எவரும் அவருக்குக் கடன்பட்டவர்.

மற்ற சோதனைகளும் நடந்தன. இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் விரல் நுனியில் வைத்தால், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தாலும் நல்ல விரல் ‘இரண்டு’ என்று சொல்லிவிடும். இவர் கட்டைவிரலுக்கு எவ்வளவு தள்ளி வைத்தாலும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாணயம், பட்டன், சாவி, திருகாணி ஆகியவற்றைத் தொட்டு எடுக்கச் சொன்னார்கள். எது எது என்று இடது கை சொல்லிற்று. வலது கையால் எடுக்கவே முடியவில்லை. அதன் பிடி வலிமை இடது கையினுடையதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நரம்பு மின்கடத்தல் சோதனையும் அதையே காட்டியது.

அப்புறம் வந்தது, என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் யோசித்த கேள்வி. கட்டைவிரலை எதிரே கொண்டுவர ஓர் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டார். “சார், ஆபரேஷன் பண்ணிக்கினா கேஸ் கொறைஞ்சுடுமா?”

குறையும். அது உண்மை. அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஓர் உறுப்பின் பயன் முழுதாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அந்த உறுப்பே போனதாகக் கொள்ள வேண்டும். எலும்பை மட்டும் எண்ணும் அட்டவணையில் நரம்புக்குக் கிடைக்கும் ஒரே வாசல் அது. அறுவை செய்யாமல் விட்டால் கட்டைவிரலின் பயன் முழுதாகப் போனது என்று வாதாடலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் விறைத்திருந்ததைச் சேர்த்தால் கை முழுதும் போனதற்குச் சமம் என்று 60 வரை போகலாம். அறுவைக்குப் பின் கட்டைவிரல் கொஞ்சமாவது அசைந்துவிட்டால் அந்தக் குறிப்பு எங்களுக்கு உதவாது.

இழப்பீட்டுத் தொகை கூடட்டும் என்று தீர்ப்பு வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கச் சொல்லும் ஆட்கள் இந்தத் தொழிலைச் சுற்றி இருக்கிறார்கள். நான் அதைப் பாவம் என்றே கருதுகிறேன். தசை காத்திருக்காது, மூட்டு காத்திருக்காது. 25 வயதுப் பெண்ணுக்கு இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் அந்தக் கைதான். “பண்ணிக்கம்மா, கைதான் முதல்ல. கேஸை நான் வேற வழியில பாத்துக்கறேன்” என்றேன். வேறு வழி இருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அறுவையின் தர்க்கம் என்னை வியக்க வைத்தது. செத்துப்போன தசைக்குப் பதிலாக, உயிரோடு இருக்கும் வேறொரு தசையின் தசைநாணைத் திசைமாற்றிக் கட்டைவிரலில் கட்டுவது. ஆள்காட்டி விரலை நீட்டுவதற்கென்றே முன்கையில் ஒரு தனித் தசை உண்டு. இவருக்கு ஆள்காட்டி விரல் இல்லை. அந்தத் தசைக்கு வேலையும் இல்லை. அதன் நாணை மணிக்கட்டைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டைவிரலில் இணைத்தார்கள். இல்லாத விரலுக்கு உரிய தசை, இருக்கும் விரலை எதிரே கொண்டுவந்து நிறுத்தியது.

இந்தக் கலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன கைகளை அழுகல் என்று ஒதுக்கிய காலத்தில், அந்தக் கைகளில் எந்தெந்தத் தசைகள் தப்பியிருக்கின்றன என்று ஒன்றொன்றாகப் பார்த்து, தசைநாண் மாற்று அறுவையால் அவற்றைத் திறந்தார். வலி தெரியாததுதான் அந்த விரல்களை அழித்தது என்று உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். பாரிவாக்கத்துப் பெண்ணின் சூட்டு வடுக்கள் எனக்கு உடனே புரிந்தது அவர் எழுத்தால்தான்.

அறுவைக்குப் பின் பல மாதப் பயிற்சி. கட்டைவிரல் மோதிர விரலைத் தொட்டது. தம்ளரைப் பிடிக்க வந்தது. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை.

இனி வேறு வழி. 1975-இல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தீர்ப்பளித்தது. திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி அது பகுதி ஊனம். தச்சு வேலை ஒற்றைக் கையால் ஆகாது, ஆகவே அவருக்கு அது முழு ஊனம் என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே நிலுவையாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 2010-இல் ராஜ்குமார் வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், அதே நீதிமன்றம் இன்னும் விரித்துச் சொன்னது. இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ சம்பாத்தியம் ஏறத்தாழ முழுதுமே போகலாம், அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம். உடலின் சதவீதம் வேறு, பிழைப்பின் சதவீதம் வேறு. எங்கள் வாதம் இந்த இரண்டு தூண்களில் நின்றது. விரலை எண்ணாதீர்கள், இந்தப் பெண் விபத்து நாளில் என்னென்ன வேலை செய்யக்கூடியவராக இருந்தார், அவற்றில் இப்போது எதைச் செய்ய முடியும் என்று பாருங்கள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மருத்துவரிடம் கேட்டார்: “பூந்தமல்லியில் பூ வியாபாரம் உண்டே, பூக் கட்டிப் பிழைக்கலாமே?” மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பூக் கட்ட இரண்டு விரல் நுனிகள் சந்திக்க வேண்டும். நாரின் இறுக்கம் விரலுக்குத் தெரிய வேண்டும். இவருக்கு நுனியைச் சந்திக்க ஆள்காட்டி விரல் இல்லை, கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. “அறுவையால் அசைவு வந்திருக்கிறதே?” என்றார் அவர். வந்திருக்கிறது, பார்த்துக்கொண்டே செய்தால் பிடிக்கலாம், பார்வையை எடுத்தால் பிடித்தது விழும், எந்திரத்தின் முன்னால் அந்தக் கை அவருக்கும் பிறருக்கும் ஆபத்து என்றார் மருத்துவர். கை மருத்துவம் தெரிந்த ஒருவர் மட்டுமே சொல்லக்கூடிய பதில்.

ஆணையர் கார்டு வாதத்தைத் தள்ளினார். முத்திரைத்தாளைத் தள்ளினார். சம்பாதிக்கும் திறன் இழப்பை 80 சதவீதமாக வைத்தார். தேவையான சிகிச்சையை நல்லெண்ணத்தோடு செய்துகொண்டதை மனுதாரருக்கு எதிராக எடுக்க முடியாது என்று எழுதிய வரிக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். தொகை 8,32,934 ரூபாய். கூடவே 12 சதவீத வட்டி, மருத்துவச் செலவு. முழு ஊனம் என்று கேட்டோம், அது கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்யலாமா என்று யோசித்தபோது அவரே வேண்டாம் என்றார். முதலாளி தரப்பும் போகவில்லை. உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கட்ட வேண்டும், முக்கியமான சட்டக் கேள்வியும் இருக்க வேண்டும். ஊன அளவு போன்ற உண்மை விவகாரங்களில் ஆணையர் சொல்வதே இறுதி என்பதை 2016-இல் கோல்லா ராஜண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. புதிய சட்டத்தைக் கையில் எடுத்ததும் நான் முதலில் புரட்டியது விரல் அட்டவணையைத்தான். கட்டைவிரலுக்கு 30, இரண்டு விரலுக்கு 20. நரம்புக்கு இப்போதும் ஒரு வரி இல்லை. செடன் எழுதி எண்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது, ஸ்டான்லியிலும் வேலூரிலும் கோவையிலும் உலகத் தரத்தில் கை அறுவை நடக்கிறது. கை உணர்ச்சி இழப்பை அளக்கும் முறைகளை விதிகளிலாவது சேர்க்க வேண்டும், நரம்புக் காயத்தில் இறுதி மதிப்பீட்டுக்கு உரிய காலம் தர வேண்டும், அதுவரை இடைக்கால நிவாரணம் கட்டாயமாக வேண்டும். இதை எழுத்தில் கேட்டுக்கொண்டே இருப்போம்.

தீர்ப்புக்குப் பிறகும் முதலாளி அசல் தொகையைக் கட்டிவிட்டு வட்டியை இழுத்தடித்தார். 31-ஆம் பிரிவின்படி நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சான்றிதழ் வாங்கி வருவாய்த் துறைக்கு அனுப்பினோம். ஜப்தி நோட்டீஸ் ஷெட் கதவில் ஒட்டப்பட்ட வாரத்திலேயே மீதியைக் கொண்டுவந்து ஆணையர் அலுவலகத்தில் கட்டினார்கள். அந்தப் பணத்தில் அந்தப் பெண் பாரிவாக்கத்திலேயே ஒரு மளிகைக் கடை வைத்தார். கணவர் கட்டிக் கொடுக்கிறார், இவர் கணக்குப் பார்க்கிறார். சாட்சி சொன்ன பையனுக்கு ஆவடிப் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே பிரஸ்ஸுக்கு முன்னால் சென்சார் இருக்கிறது என்று போனில் சொன்னான்.